வெடிமருந்து வைத்த விறகு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. பாண் கடை (ரொட்டிக் கடை) வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒட்டுக் கேட்டேன். யாரோ ஒருவர் வீட்டு விறகு அடுக்கிலிருந்து கட்டைகள் களவு போய்க்கொண்டிருந்தனவாம். அவர் ஒரு கட்டையைத் துளைத்து, உள்ளே வெடிமருந்து அடைத்து, கள்ளன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாராம். மறுநாள் பார்த்தால் அந்தக் கட்டையைக் காணோமாம்.

"அதுக்குப் பிறகு?" என்று தோழி கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கதை சொன்னவளின் முறை வந்துவிட்டது. ஒரு கறுத்தப் பாண் வாங்கினாள், பையில் போட்டாள், சிரித்துக்கொண்டே போய்விட்டாள். தோழியும் பின்னாலேயே போய்விட்டாள். கடைக்காரி என்னைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். எனக்கு என்ன வேண்டும் என்று மறந்துபோய்விட்டது.

அவள் சிரித்தாள் என்பதுதான் என்னை உலுக்கியது. மருந்து வைத்த கட்டை ஒன்று யாரோ ஒருவர் வீட்டுக்குள் போயிருக்கிறது. அவள் பாணோடு போகிறாள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இந்த மலையடியில் மர ஆலையில் வேலை பார்த்துக் கிழவனானவன். கதை எழுதத் தெரிந்தவர்கள் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களை நான் நம்புவதும் இல்லை. ஆனால் அந்தக் கட்டை எங்கே போனது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். சொல்வதற்கு ஆள் இல்லாததால் எழுதிப் பார்க்கிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "வெண்பனி போர்த்திய மலையடிவாரத்தில், அமைதியாகத் துயில்கொண்டிருந்த அந்தச் சிற்றூரில் —"

அடித்துவிட்டேன். பனியைப் போர்வை என்று எழுதுகிறவன் அதை ஒருநாளும் சவளால் அள்ளிக் கொட்டியிருக்க மாட்டான்.

தொடக்கம் இரண்டு: "கோர்பினியன் ஊரில் எல்லோராலும் மதிக்கப்பட்ட நல்ல மனிதன்."

இதையும் அடித்தேன். நல்ல மனிதன் என்று எழுதினால் நீங்கள் உடனே அவனைச் சந்தேகிப்பீர்கள். நானாக இருந்தால் சந்தேகிப்பேன்.

தொடக்கம் மூன்று: "குறைந்த விறகில் நிறைந்த வெப்பம் தரும் —"

இது கொதிகலன் விற்க வருகிறவனின் பேச்சு. அவன் சப்பாத்தில் ஒருநாளும் சாம்பல் பட்டதை நான் பார்த்ததில்லை.

ஆனால் கொதிகலனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. (இந்த இடத்தைத் தாண்டிப் போகிறவர்கள் பிறகு புரியவில்லை என்று என்னிடம் வரக் கூடாது.) அது நிலவறையில் நிற்கும். ஒரு மாட்டின் உயரம் இருக்கும். கதவைத் திறந்து அரை மீற்றர்க் கட்டைகளை நெருக்கமாக அடுக்கிச் சாத்திவிட வேண்டும். உள்ளே ஒரு விசிறி காற்றை இழுக்கும். தீ மேலே ஏறாமல் கீழ்நோக்கி எரியும். சுற்றிவர இரும்புச் சுவருக்குள் தண்ணீர். சூடான தண்ணீர் பக்கத்தில் நிற்கும் பெரிய தாங்கிக்குப் போகும். அங்கிருந்து குழாய் வழியாக வீடு முழுக்க ஓடும். ஒரு தரம் நிறைத்தால் ஒரு முழு நாளைக்குக் காணும்.

இன்னொன்று. நீங்கள் தீக்குச்சி கிழிக்க வேண்டியதில்லை. காலையில் கட்டையை அடுக்கிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். தாங்கியில் தண்ணீர் ஆறியதும் அது தானாகவே பற்ற வைத்துக்கொள்ளும். விற்பனைக்காரன் இதைத்தான் கடைசியில் சொல்லுவான், பெருமையாக.

இந்தக் கதை முழுவதும் அந்த ஒரு வசதிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

3

சரி, கோர்பினியன். கூரைத் தச்சன், இப்போது ஓய்வு. வீட்டின் தெற்குச் சுவர் நீளத்துக்கு அவன் அடுக்கியிருக்கும் விறகைப் பார்த்தால் யாரோ சுவரை இரண்டாம் தரம் கட்டியிருக்கிறார்கள் என்று தோன்றும். வெட்டுமுகம் எல்லாம் ஒரே மட்டம். இங்கே ஒரு வீட்டை விறகு அடுக்கைப் பார்த்துத்தான் எடை போடுவார்கள். பெண் கொடுக்கவும் பார்ப்பார்கள், கடன் கொடுக்கவும் பார்ப்பார்கள்.

அந்த அடுக்கின் வீதியோர முனையில் கட்டைகள் குறையத் தொடங்கின.

(இவர்கள் பேசுவது பவேரியப் பேச்சு, தெற்கு ஜெர்மனியின் மலைப் பேச்சு. எனக்கு வரும் பேச்சில் எழுதுகிறேன். பிழை என்று படுகிறவர்கள் அங்கே போய் நின்று கேட்டுக்கொள்ளலாம்.)

மத்தியானச் சாப்பாட்டு மேசையில் உருண்டைச் சூப் ஆறிக்கொண்டிருந்தது. கோர்பினியன் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார், இண்டைக்கும் குறையுது" என்றான்.

"விறகைப் பாக்கிற நேரத்தில என்ர முகத்தையும் ஒருக்காப் பாத்தால், நான் கண்ணாடி மாத்தினது தெரிஞ்சிருக்கும்" என்றாள் அவன் மனைவி புர்கி.

அவன் திரும்பிப் பார்த்தான். "எப்ப மாத்தினனி?"

"மரம் இலை கொட்டேக்க."

"நல்லாத்தான் இருக்கு." மறுபடி யன்னல். "இது இக்னாஸின்ர வேலை. வேற ஆரும் இல்லை."

இக்னாஸ் வீதிக்கு அந்தப் பக்கம், சரிவில் இருக்கிறவன். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள். இப்போது இக்னாஸ் ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவன். (சம்பளம் இல்லாத படை. அபாயச் சங்கு ஊதினால் ஊர் ஆண்களே ஓடிவந்து குழாய் பிடிப்பார்கள்.) கோர்பினியன் அவனைச் சந்தேகித்ததற்குக் காரணம் இருந்தது. இந்தக் கொதிகலனுக்கு ஈர விறகு ஆகாது. இரண்டு கோடையாவது காய்ந்திருக்க வேண்டும். கோர்பினியன் முதலில் விறகைக் காயவைத்துவிட்டுப் பிறகு கொதிகலன் வாங்கினான். இக்னாஸ் முதலில் கொதிகலனை வாங்கிவிட்டுப் பிறகு மரம் வெட்டினான்.

"அவனிட்டைப் பொயிலர் இருக்கு, காய்ஞ்ச விறகு இல்லை. என்னட்டை ரெண்டும் இருக்கு. கணக்குச் சரியோ?" என்றான்.

"அரசாங்கம் உதவி தருது எண்டதும் ஊரே அப்பிடித்தான் வாங்கினது. எல்லாற்ற விறகும் ஈரம்தான்" என்றாள் புர்கி. "சூப்பைக் குடியுங்கோ."

அவள் சொன்னதை நீங்கள் கவனியுங்கள். அவன் கவனிக்கவில்லை.

4

இனி அவன் மருந்து வைக்க வேண்டும். எழுதப் போனேன், கை போகவில்லை.

இப்படி ஒருவன் செய்வானா? ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். பக்கத்து வீட்டுப் பூனை கூரையில் ஏறிக்கொண்டால் ஏணி எடுத்துப் போகிறவன். கதையில் எதையும் செய்ய வைக்கலாம் என்கிறார்கள். நான் நம்பவில்லை. எனக்குத் தெரிந்த எந்த மனிதனும் செய்யாத ஒன்றை என் கதை மனிதன் செய்தால் அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடுவேன்.

அதனால் அவனை விசாரித்தேன். உன்னிடம் மருந்து எப்படி வந்தது? அது பெரிய விஷயமே இல்லை. அவன் ஊர்ப் பீரங்கிச் சங்கத்தில் இருக்கிறான். நத்தார் (கிறிஸ்துமஸ்) மாலையிலும் கலியாண வீட்டிலும் பச்சைத் தொப்பியும் இறகுமாக வரிசையில் நின்று கைப்பீரங்கி வெடிப்பார்கள். மலை மூன்று தரம் திருப்பிச் சொல்லும். சங்கக்காரர் எல்லோர் வீட்டிலும் இரும்புப் பெட்டியில் மருந்து பூட்டியிருக்கும். அனுமதிச் சீட்டும் இருக்கும். இங்கே வெடிமருந்து என்றால் கொண்டாட்டம். யாருக்கும் அதைக் கண்டு பயம் இல்லை.

சரி, ஒரு மனிதன் வீட்டுக்குள் வெடிக்கட்டும் என்று எப்படி நினைத்தாய்?

"வீட்டுக்குள்ளயோ? அடுப்புக்குள்ள" என்றான். அவன் அப்பா காலத்தில் ஒருவர் இதையே செய்தாராம். கள்ளன் வீட்டுச் சமையல் அடுப்பில் டமார் என்றதாம். சட்டி வைக்கும் வளையங்கள் பறந்தனவாம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஒருவன் புருவம் இல்லாமல் வந்தானாம். ஊரே சிரித்ததாம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம்.*

* ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று முடிகிற கதைகளை நம்பாதீர்கள். ஏதாவது ஆனவர்கள் அந்தக் கதையைச் சொல்ல வருவதில்லை.

இப்போது எனக்கு அவனைப் புரிந்தது. அவன் ஒரு மனிதனைக் கொல்ல நினைக்கவில்லை. ஒரு புருவத்தை எரிக்க நினைத்தான். சிரித்த முகத்தோடுதான் கட்டையைத் துளைத்தான்.

(எப்படித் துளைத்தான், எவ்வளவு அடைத்தான், எதனால் மூடினான் என்பதை எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் எவனாவது செய்து பார்ப்பான்.)

அடிப் பட்டையில் தான் மட்டும் அறிகிற ஓர் அடையாளம் வைத்தான். வீதியோர முனையில், மேல் வரிசையில், கள்ளனுக்குக் குனிகிற சிரமம்கூட இல்லாமல் வைத்தான். மறுநாள் காலை அது போய்விட்டது.

5

"என்ன சிரிப்பு?" என்று புர்கி கேட்டாள். அவள் பின்னேரக் கோப்பியை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பொறு. சத்தம் கேக்கும்."

"என்ன சத்தம்?"

சொன்னான். பிள்ளைகள் பரிசைப் பிரித்துக் காட்டுவது மாதிரிச் சொன்னான். கோப்பி கோப்பையைத் தாண்டி மேசை விரிப்பில் ஓடியது. அவள் கெண்டியை நிமிர்த்தவில்லை.

"நீங்கள் பகிடி விடுறீங்கள்."

"சத்தியமா."

"உங்கட அப்பான்ர காலத்து அடுப்புக்கு மேல வளையம் இருந்தது, அது பறந்துது. இதில என்ன பறக்கும்? சொல்லுங்கோ, இதில என்ன பறக்கும்?"

அவன் விரிப்பில் ஓடும் கோப்பியைக் கையால் தடுக்கப் பார்த்தான்.

"சுத்திவரத் தண்ணி. இறுக்கிப் பூட்டின கதவு. பக்கத்தில அந்தப் பெரிய தாங்கி. அதுக்கு மேல ஆக்கள் படுக்கிற அறை. எங்கட வீட்டிலயும் உதுதானே நிக்குது? ஒவ்வொரு நாளும் நீங்கள்தானே அடுக்கிறீங்கள்?"

அவன் தினமும் அதற்கு முன்னால் குந்தியிருந்து கட்டை அடுக்குகிறவன்தான். ஆனால் கட்டையைத் துளைக்கும்போது அவன் மனதில் எரிந்தது அப்பாவின் அடுப்பு. இரண்டும் ஒன்றல்ல என்பது, மனைவி கையில் கோப்பிக் கெண்டியோடு நின்று கத்தும்வரை அவன் தலையில் ஏறவே இல்லை.

இந்த இடத்தில் நானும் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். கோபம் வந்தது. அவன் மீதா, அந்தப் பாண் கடைப் பெண் மீதா என்று தெரியவில்லை.

"போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

"என்னெண்டு சொல்ல?"

"வாயால. சப்பாத்தைப் போடுங்கோ!"

அவன் ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் வீட்டுச் செருப்புமாகச் சரிவில் இறங்கி ஓடினான்.

6

கதவைத் திறந்தவள் இக்னாஸின் மனைவி சென்ஸி. கோர்பினியன் ஒன்றும் பேசாமல் அவளைத் தாண்டி நிலவறைக்கு இறங்கினான். இக்னாஸ் அங்கேதான் ஒரு பழைய தண்ணீர்ப் பம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கொதிகலன் மௌனமாக நின்றது. காலையிலேயே நிறைத்தாயிற்று. தாங்கியின் சூடு காட்டும் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"பொயிலரைத் திற" என்றான் கோர்பினியன்.

"வணக்கம் சொல்லப் பழகேல்லையோ உனக்கு?"

"திறடா. என்ர கட்டை உள்ள கிடக்கு."

"உன்ர கட்டை என்ர பொயிலருக்குள்ள எப்பிடி வரும்? நடந்து வந்ததே?"

"நடந்துதான் வந்தது. உன்ர காலால."

இக்னாஸ் துணியைக் கீழே வைத்தான். "என்னைக் கள்ளன் எண்டு சொல்ல என்ர வீட்டுக்குள்ள வந்தனியோ? அதுவும் செருப்போட?"

"அதுக்குள்ள மருந்து வைச்சிருக்கிறன், இக்னாஸ்."

கொதிகலனின் விசிறி இன்னும் சுற்றத் தொடங்கவில்லை.

"என்ன மருந்து?"

"நத்தாருக்கு வெடிக்கிற மருந்து."

"நீ... என்ர வீட்டை வெடிக்க வைக்கப் பாத்தனியோ?"

"கள்ளன்ர வீட்டை."

"நான் கள்ளன் இல்லை."

"அப்ப வெடிக்காது."

அடுத்து இக்னாஸ் பாய்ந்து கதவைத் திறப்பான் என்றுதான் நினைத்தேன். தீயணைப்புப் படைத் தலைவன் அல்லவா. எழுதியும் வைத்தேன்: "இக்னாஸ் ஒரே எட்டில் கதவுக் கைப்பிடியை —"

அவன் அசையவில்லை. வாசகரே, எழுதுகிறவன் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். திறந்தால் என்ன அர்த்தம்? உள்ளே அந்தக் கட்டை இருக்கலாம் என்று அவனே நினைக்கிறான் என்று அர்த்தம். இருக்கலாம் என்று நினைக்கிறவன் எடுத்தவன். இக்னாஸ் மூலையிலிருந்த முக்காலியைக் காலால் இழுத்தான். கொதிகலனுக்கு நேரே போட்டு அதில் இருந்தான்.

"ஓமடா, வெடிக்காது" என்றான். "இரு. ரெண்டு பேரும் இருந்து பாப்பம்."

கோர்பினியனும் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தான். எழுந்து போனால் தான் பொய் சொன்னதாகிவிடும். கை நீட்டித் தானே திறக்கலாம்தான். ஆனால் அடுத்தவன் வீட்டு நெருப்புக் கதவில் கை வைப்பதும் அடுத்தவன் வீட்டு அலுமாரியில் கை வைப்பதும் இங்கே ஒன்று. தட்டிவிடுவான், கைகலப்பாகும். அப்படியும் அவன் கை ஒருமுறை முழங்காலிலிருந்து கிளம்பியது. இக்னாஸ் பார்த்தான். கை திரும்பிவிட்டது.

முள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்பது வருசமா ஒரு வீதி" என்றான் இக்னாஸ். "ஒரு கட்டைக்கு."

"ஒரு கட்டை இல்லை. கனக்க."

"நான் எடுக்கேல்லை."

"ஆர் எடுத்தது அப்ப?"

"நான்தான் எடுத்தன்."

இருவரும் திரும்பினார்கள். படியில் சென்ஸி நின்றாள். மேலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னனி?" என்றான் இக்னாஸ்.

"நான்தான். எங்கட விறகு ஈரம். உந்தப் பொயிலர் கிழவன் மாதிரி இருமுது. நேத்து வீதியால வரேக்க ஒண்டு எடுத்தன். இப்ப எழும்பித் திறவுங்கோ ரெண்டு மாடுகளும்."

இக்னாஸின் முகம் எப்படிப் போனது என்று எழுத எனக்குச் சொல் இல்லை. எழுந்தான். திறந்தான். ஒவ்வொரு கட்டையாக வெளியே வந்தது, பெட்டியில் முட்டை எடுப்பது மாதிரி. கோர்பினியன் ஒவ்வொன்றையும் வாங்கிப் புரட்டி அடிப் பட்டையைப் பார்த்துத் தரையில் வைத்தான். எல்லாம் இக்னாஸின் ஈர விறகு. கடைசிக் கட்டையும் வந்துவிட்டது. உள்ளே சாம்பல்தான் இருந்தது.

"இல்லை" என்றான் கோர்பினியன்.

இக்னாஸ் மனைவியைப் பார்த்தான். "நீ எடுத்தனி எண்டாய்?"

"எடுக்கேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் வீட்டோட மேல போறதுக்குத் தயாரா இருந்தீங்கள். ஆராவது ஒரு ஆள் கள்ளனா வந்தால்தானே உந்தக் கதவு திறக்கும்?"

கோர்பினியன் ஈர விறகுகளுக்கு நடுவே தரையில் அப்படியே குந்திவிட்டான். இவ்வளவு நேரம் அவனுக்கு ஒரு வீட்டைப் பற்றித்தான் பயம். இப்போது எந்த வீடு?

7

இந்த இடத்தில் நான் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மறைக்கவில்லை, பாருங்கள்.

கட்டை கோர்பினியனின் சொந்தக் கொதிகலனிலேயே வெடிக்கிறது. நீங்கள் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இது பாதிரியார் பிரசங்கத்துக்கு நல்லது. வாழ்க்கையில் வெட்டியவன் குழியில் அடுத்தவன் மகள்தான் விழுகிறாள். அடித்தேன்.

கட்டை சின்னப் பிள்ளைகளின் பள்ளிக் கொதிகலனில் இருக்கிறது. எழுதத் தொடங்கும்போதே வெட்கமாக இருந்தது. பிள்ளைகளைக் காட்டி உங்களை மிரட்ட வேண்டியதில்லை. அடித்தேன்.

இன்னொன்று: "பனி உருகிய காலத்தில், ஓடைக்கரையில் ஊறிப்போய்க் கிடந்த அந்தக் கட்டையைக் கண்ட கோர்பினியன் மண்டியிட்டு —"

இதை மட்டும் அடிக்க மனமில்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். எனக்கும் அப்படியே முடிந்தால் நல்லது. ஆனால் கள்ளன் எடுத்த விறகை ஓடையில் போடுவதற்காக எடுக்கவில்லை.

8

இக்னாஸ் சங்கை ஊதினான். அவனுக்கு அதைத் தவிர வேறு தெரியாது, எனக்கும் தெரியவில்லை. சனிக்கிழமைப் பின்னேரம், நல்ல வெளிச்சம். ஊர் ஆண்கள் எல்லோரும் செய்ததைச் செய்தபடி விட்டுவிட்டுத் தீயணைப்புக் கொட்டகை முன்னால் ஓடி வந்து வரிசையாக நின்றார்கள். பாண் சுடுகிற லியோன்ஹார்ட் கையில் மாவோடு வந்தான். தபால்காரன் குவிரின் பாதி முகம் சவரம் செய்தபடி வந்தான். வாத்தியார் செவெரின் தலைக்கவசத்தைப் பின்பக்கம் முன்னாகப் போட்டிருந்தார்.

"எங்க நெருப்பு?" என்று கேட்டார்கள்.

"இன்னும் இல்லை" என்றான் இக்னாஸ். "கோர்பினியன், சொல்லு."

கோர்பினியன் சொன்னான். தரையைப் பார்த்துச் சொன்னான். சொல்லி முடித்ததும் யாரோ சிரித்தார்கள், பகிடி என்று நினைத்து. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"உனக்கு மண்டைக்குள்ள என்னடா இருக்கு, மரத்தூளோ?" என்றான் லியோன்ஹார்ட்.

"பொலிசிலை குடுக்கவேணும் உவனை!"

"குடுங்கோ" என்றான் கோர்பினியன். "பேந்து குடுங்கோ. இப்ப ஆர் எடுத்தது எண்டு சொல்லுங்கோ. நான் ஒண்டும் கேக்க மாட்டன். எடுத்ததுக்கு ஒரு சொல்லும் சொல்ல மாட்டன். முழு அடுக்கையும் கொண்டு போங்கோ."

எல்லோரும் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்தார்கள்.

"சரி. ஆரும் சொல்ல வேண்டாம்" என்றான் இக்னாஸ். "எல்லாரும் கெதியா வீட்டை போய் உங்கட உங்கட பொயிலரைத் திறந்து பாருங்கோ."

யாரும் அசையவில்லை.

"நான் ஏன் பாக்க வேணும்? நான் எடுக்கேல்லையே" என்றான் குவிரின்.

"நானும் எடுக்கேல்லை."

"எடுத்தவன் போய்ப் பாக்கட்டும்."

அவ்வளவுதான். வரிசை உறைந்துவிட்டது. முதலில் திரும்பி வீட்டுக்கு நடக்கிறவன் யார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எடுத்தவன் கட்டாயம் அங்கே நிற்கிறான். மனைவி வீட்டில், கொதிகலன் நிறைந்து, தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவன் அசைந்தால் அவன் பிள்ளையின் பிள்ளைக்கும் இந்த ஊரில் விறகுக் கள்ளன் என்று பெயர் நிற்கும். ஒருவன் தொலைபேசி எடுக்கக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டான். எல்லாக் கண்ணும் அந்தக் கைக்குப் போனது. கை ஒரு கைக்குட்டையோடு வெளியே வந்தது. சளி இல்லாத மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

வாருங்கள், எல்லோரும் சேர்ந்தே போவோம், ஒவ்வொரு வீடாக, என்று இக்னாஸ் சொல்லவில்லையா? சொன்னான். "என்ர நிலவறைக்குள்ள ஆரும் வரேலாது" என்று ஒரு குரல் வந்தது. உடனே எல்லோரும் அதையே சொன்னார்கள். முதலில் சொன்னவன் யார் என்று பார்க்கத் தவறிவிட்டார்கள். நானும் பார்க்கவில்லை.

பெண்களை அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பினேன். புர்கியும் சென்ஸியும் வீடு வீடாகத் தட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள்.

"ஒருக்காத் திறந்து பாருங்கோ பிள்ளை. திறக்க மனமில்லாட்டி வெளியிலயாவது வாருங்கோ."

"நாங்கள் ஏன் வெளியில வரவேணும்? நாங்கள் என்ன களவெடுத்தனாங்களோ?"

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த கதவு. அதே பதில்.

இக்னாஸ் நிமிர்ந்து கூரைகளைப் பார்த்தான். பழக்கம். முன்பெல்லாம் எந்த வீட்டில் அடுப்பு மூட்டினாலும் புகைக்கூண்டு சொல்லிவிடும். இந்தக் கொதிகலன் தன் புகையைத் தானே எரித்துத் தின்றுவிடும். அதற்காகத்தான் அரசாங்கம் உதவி கொடுத்தது. ஊர் முழுக்கப் புகைக்கூண்டுகள் சுத்தமாக நின்றன. எது பற்றிக்கொண்டது, எது இன்னும் இல்லை என்று வானத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை.

"தயவு செய்து" என்றான் கோர்பினியன். அந்தச் சொல்லை அவன் இதற்கு முன் இந்த ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. பனிச் சேற்றில் மண்டியிட்டான். "தயவு செய்து ஆராவது வீட்டை போங்கோ."

9

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

முடியாமல் இல்லை. சத்தம் கேட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். கேட்கவில்லை என்று எழுதினாலும் போதும். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் நீங்கள் வாசித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், ஒரு கறுத்தப் பாண் வாங்கியவள் போன மாதிரி. அதை நான் விட மாட்டேன்.

உங்களை நான் நம்பவில்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் யாரையுமே நம்புவதில்லை. எடுத்தவனையும் குற்றம் சொல்ல மாட்டேன். வீட்டில் குளிர், விறகு ஈரம், அடுத்தவன் அடுக்கு வீதிவரை நீண்டு கிடக்கிறது. ஒரு கட்டை. யார்தான் எடுக்க மாட்டார்கள்?

வரிசையில் லியோன்ஹார்ட்டுக்கும் குவிரினுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டிருக்கிறேன். அங்கே வந்து நில்லுங்கள். உங்கள் விறகு காய்ந்ததா ஈரமா என்று நான் கேட்கவில்லை. எடுத்தீர்களா என்றும் கேட்கவில்லை. எடுக்காத ஒருவர் முதலில் நடந்தால் போதும், அவர் பின்னால் எல்லோரும் நடந்துவிடலாம். எடுத்தவனும் அந்தக் கூட்டத்தில் ஓடிவிடுவான். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது. எல்லோரும் உங்கள் கால்களைத்தான் பார்க்கிறார்கள்.